தாமரைச்செல்வி பூட்டிய விலாசம்

தாமரைச்செல்வியிடம் யார் எந்த பாஸ்வேர்டைக் கேட்டாலும் முதலில் ஒரு கேள்விதான் வரும். "என்ன வேலைக்கு?" கேட்பவர் கம்பெனி முதலாளியாக இருக்கலாம், சொந்தச் சித்தப்பாவாக இருக்கலாம், கட்டிய புருஷனாகவே இருக்கலாம். கேள்வி மாறாது. வேலையைச் சொன்னால் அந்த வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு திறந்துவிடுவாள், அதற்கு மேல் ஒரு பொட்டு கிடையாது. "எதுக்கும் இருக்கட்டும், எல்லாத்தையும் குடுத்துரு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. அன்று முழுக்க அந்த ஆளுக்கு வகுப்பு நடக்கும்.

அவள் புருஷன் சூரியபிரகாஷ் பைக் ஷோரூமில் வேலை பார்க்கிறான். "எங்க வீட்ல டிவி ரிமோட்டுக்கு மட்டுந்தான் மாப்ள எனக்குப் பெர்மிஷன்" என்று நண்பர்களிடம் பெருமையாகத்தான் அலுத்துக்கொள்வான்.

வேடிக்கை என்னவென்றால், இவள் பிறந்தது பூட்டே தெரியாத வீட்டில். சொந்த ஊரான எழுமலையில் அவர்கள் வீட்டுச் சாவி நிலைக்கு மேலே இருக்கும். அது தெரு முழுவதற்கும் தெரியும். மறைத்து வைத்தால்தான் தெரு கோபித்துக்கொள்ளும். அப்பா வயலில் இருக்கும்போதே யாராவது வீட்டைத் திறந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவார்கள், சாயங்காலம் கொண்டுவந்து வைப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து இப்படி ஒரு பெண் எப்படி வந்தாள் என்று கேட்டால், அதற்குக் கப்பலூர் வரைக்கும் போக வேண்டும்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து முடித்ததும் கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் சின்ன ஃபேக்டரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே மொத்த ஃபேக்டரிக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதுவும் மானிட்டரின் நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி ஒட்டியிருக்கும். ஒருநாள் கேட்டில் நிற்கும் அழகுபாண்டி கேட் பாஸ் அச்சடிக்கப் போய், எதையோ அமுக்கி, அந்த மாதம் வெளியே போன சரக்கின் கணக்கு அத்தனையையும் அழித்துவிட்டார். பாவம், அவருக்கு அழித்ததே தெரியாது. ஆனால் சரக்கைத் திருடி விற்றுவிட்டுக் கணக்கை அழித்ததாக முதலாளிக்குச் சந்தேகம். ஐம்பது வயது மனிதர் எல்லார் முன்னாலும் நின்று அழுதார்.

தாமரைச்செல்வி கணக்கை மீட்டுக் கொடுத்தாள். கையோடு கம்ப்யூட்டருக்குள் நுழைய ஆளுக்கொரு கணக்கு, அவரவர் வேலைக்கு மட்டும் உரிமை என்று மாற்றி வைத்தாள். அழகுபாண்டியால் கேட் பாஸ் அச்சடிக்க முடியும், அழிக்க முடியாது. அதற்கு அவரே முறைத்துக்கொண்டார்.

"என்னைய நம்பலையா தாயி?"

"நம்புறதுனாலதாண்ணே. உங்களால அழிக்கவே முடியாதுன்னா, நாளைக்கு என்ன அழிஞ்சாலும் உங்களை யாரும் ஒரு வார்த்த கேக்க முடியாதுல்ல."

அழகுபாண்டி டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயில்தான் தன் தொழிலைக் கண்டுபிடித்ததாக அவள் சொல்வாள். உரிமையைக் குறைப்பது ஆளைக் குறைப்பதாகாது, அது அந்த ஆளுக்கே பாதுகாப்பு என்பது அவள் கட்சி. எனக்குத் தெரிந்து இதை இவ்வளவு பிடிவாதமாக நம்புகிற இன்னொருவர் இந்த ஊரில் இல்லை.

இப்போது வில்லாபுரத்தில், மலைச்சாமியின் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறை வைத்திருக்கிறாள். பொதுமக்கள் பயன்படுத்துகிற செயலிகளுக்கு சர்வரும் டேட்டாபேஸும் அமைத்துக் கொடுப்பதும், எதை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று வரையறுப்பதும் அவள் வேலை. செயலி அழகாக இருந்தால் அதைச் செய்தவரைப் பாராட்டுவார்கள். இவள் வேலை ஒழுங்காக இருந்தால் இவள் இருப்பதே யாருக்கும் தெரியாது. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

போன வருடம் காமராஜர் சாலைப் பக்கமிருந்து ஒரு வேலை வந்தது. சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கு வரன் பார்த்துத் தரும் ஒரு சிறு அறக்கட்டளை. முப்பது வருடமாக ஜாதகங்களை பீரோவில் வைத்து நடத்திவந்தவர்கள், செயலிக்கு மாறுவதென்று முடிவெடுத்து, யாரோ ஒரு பையனிடம் கொடுத்துச் செய்து வாங்கியிருந்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தாமரைச்செல்வி உள்ளே போய்ப் பார்த்தாள். செயலி, டேட்டாபேஸ், எல்லாமே எதையும் மாற்றவும் அழிக்கவும் முடிகிற, சர்வரின் சர்வாதிகாரக் கணக்கு ஒன்றில் ஓடிக்கொண்டிருந்தன. டேட்டாபேஸின் கதவு நேராக இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்து கிடந்தது. ஊரிலுள்ள பெண்பிள்ளைகளின் போன் நம்பர், வீட்டு விலாசம், போட்டோ எல்லாம் அதற்குள் போகப்போகின்றன.

முதல் வாரமே அந்தக் கதவை அடைத்தாள். வெளியாள் வருவதற்குச் செயலி என்ற ஒரே வாசல், டேட்டாபேஸுக்குத் தெருப்பக்கம் வாசலே கிடையாது. அந்தச் செயலிக்குக்கூட முழு உரிமை தரவில்லை. அது படிக்கலாம், புதிதாகச் சேர்க்கலாம், எதையும் அழிக்க முடியாது. இது வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் புரியவில்லை. மனிதர்களுக்கு உரிமை பிரிக்க ஆரம்பித்தபோதுதான் சண்டை வந்தது.

நிர்வாகக் குழுவில் எல்லாருமே பெரியவர்கள். தலைவர் சீதாராமன், பட்டு வியாபாரத்தை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வில் இருப்பவர்.

"பீரோவுக்கு எங்க எல்லார்ட்டயும் சாவி இருந்துச்சும்மா. ஒரு காயிதம் காணாமப் போனதில்ல. நம்ம ஆளுகளுக்குள்ள என்ன பூட்டு?" என்றார் அவர்.

"பீரோவைத் திறக்கணும்னா ஆபீசு வரைக்கும் நடந்து வரணும் சார், நாலு பேரு பாப்பாங்க. இது உக்காந்த எடத்துலயே திறக்கும், ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிறது உங்களுக்கு என்ன வேலைக்குச் சார்?"

வயதில் மூத்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? அவர்களுக்குள் சௌராஷ்டிரத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை என்றாலும், தன்னைப் பற்றித்தான் என்பது நன்றாகவே புரிந்தது. கடைசியில் மற்றவர்கள் சம்மதித்தார்கள். ஆனால் தலைவருக்குமா உரிமை இல்லை? அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து, சோதனை ஓட்டம் முடியும் வரைக்கும் அவருக்கு மட்டும் எல்லாவற்றையும் பார்க்கிற உரிமையைக் கொடுத்தாள். வேலைக்காகக் கொடுக்கவில்லை, மரியாதைக்காகக் கொடுத்தாள். அவள் தொழில் வாழ்க்கையில் "என்ன வேலைக்கு" என்ற கேள்விக்குப் பதில் வராமலே திறந்துவிட்டது அந்த ஒரு முறைதான்.

அன்று அறக்கட்டளையின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சூடாமணி, முள்ளுமுருங்கை வடையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஒரு பொண்ணு இருக்கா தாமரை. பேரு மீனலோசனி. புருஷன் அடிச்ச அடியில ஒரு காது சரியாக் கேக்காது. கோர்ட்ல தீர்த்தாச்சு. ஆனா அவன் விடல. ரெண்டு வீடு மாத்திட்டா, ரெண்டு எடத்துக்கும் வந்து தெருவுல நின்னு கத்துறான். இப்ப இருக்கிற எடம் அவளோட அம்மாவுக்கும் எனக்குந்தான் தெரியும். மறுபடி ஒரு நல்ல எடம் பாக்கணும்னு அவளுக்கு ஆசை இருக்கு. பேரைப் பதியணும்னா விலாசம் குடுக்கணும். அதுதான் பயப்படுறா."

"அவரு ஆளுக யாராச்சும் குழுவுல இருக்காங்களாக்கா?"

"குழுவுல இருக்கிற ராஜகுரு சாரோட அக்கா மகன்தான் அவன்."

தாமரைச்செல்வி கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தாள்.

"உன்னை நம்பித்தான் அவளைச் சேக்கப் போறேன்" என்றாள் சூடாமணி.

"பூட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் சாமானை உள்ள வைக்காதீங்கக்கா. சோதனைக்குப் பேரு வேணும்னா வைங்க. விலாசம் மட்டும் எல்லாத்துக்கும் என் ஆபீஸ் விலாசத்தையே போடுறேன்."

அப்படியேதான் செய்தார்கள். சோதனை ஓட்டத்தில் ஏறிய பெயர்கள் அத்தனைக்கும் ஒரே விலாசம், வில்லாபுரம் ஜெராக்ஸ் கடை மாடி. சூடாமணி அவசரத்தில், அல்லது ஆசையில், மீனலோசனியின் பெயரையும் படிப்பையும் குடும்ப விவரத்தையும் ஏற்றியிருந்தாள். நல்லவேளை, போட்டோ ஏற்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குத் தாமரைச்செல்வி டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில், கீழே தெருவில் சத்தம் கேட்டது.

"மீனா! மேலதான் இருக்கேன்னு தெரியும்டி! இறங்கி வா!"

அவள் சன்னலோரம் போய்ப் பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, நல்ல வேலையில் இருக்கும் ஆள் போலத்தான் தெரிந்தான். கையில் போன். அதைப் பார்த்துக் கதவு எண்ணைச் சரிபார்த்தான், மறுபடி கத்தினான். மலைச்சாமி கடையிலிருந்து எழுந்து வந்து படிக்கட்டின் வாயிலில் நின்றார்.

"யாருண்ணே வேணும்? மேல கம்ப்யூட்டர் ஆபீசு. மீனாவும் இல்ல, கீனாவும் இல்ல. வேணும்னா போர்டைப் படிங்க."

அவன் போர்டைப் படித்தான். மேலே சன்னலில் நின்ற தாமரைச்செல்வியையும் ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை. எதிரே இருப்பவள் வேறு ஆள் என்று தெரிந்ததும் சட்டென்று சாதுவாகி, "மன்னிச்சுக்கங்க, தப்பான விலாசம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் போன பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். தனக்காக அழவில்லை. இது போல இரண்டு வீட்டுச் சன்னலில் நின்று அந்தப் பெண் இவனைப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்து அழுதாள்.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, யார் எதைப் பார்த்தார்கள் என்ற பதிவை சர்வரில் திறந்து பார்த்தாள். அன்று காலை மீனலோசனியின் பெயரைத் தேடி விலாசத்தைப் பார்த்திருந்தது ஒரே ஒரு கணக்கு, தலைவர் சீதாராமனுடையது.

வண்டியை எடுத்துக்கொண்டு நேராகக் காமராஜர் சாலைக்குப் போனாள். குழு கூடியிருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சீதாராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானா? காலையிலேருந்து போனையே தொடலம்மா. பேரனுக்குக் காதுகுத்து வச்சிருந்தோம்."

"நீங்க பாத்தீங்கன்னு நான் சொல்லல சார். உங்க பாஸ்வேர்டு என்னன்னும் கேக்கல. உங்களைத் தெரிஞ்சவங்க உக்காந்து யோசிச்சா கண்டுபிடிச்சிடுற மாதிரியா வச்சிருக்கீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்டுப் பேருதாம்மா."

அந்தச் சமூகத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டு. கல்யாணப் பேச்சில் முதலில் கேட்பதே அதைத்தான். பத்திரிகையில் அச்சாகும், கடை போர்டில் இருக்கும், எதிரில் வருபவர் கூப்பிடுவதே அதை வைத்துத்தான். ஊருக்கே தெரிந்த ஒன்றை ரகசியச் சொல்லாக வைக்க, ஊருக்கே வரன் பார்க்கும் தலைவரால்தான் முடியும். அது என்ன பெயர் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. தாமரைச்செல்வி படித்தால் எனக்கும் வகுப்பு எடுப்பாள்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ராஜகுரு எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாதவர்.

"நான்தான். அக்கா தினம் போன் பண்ணி அழுறா. 'குழுவுல இருக்கே, ஒரு விலாசம் எடுத்துத் தர முடியாதா உன்னால'ன்னு. சமாதானம் பேசத்தான் கேக்குறான்னு நெனச்சுட்டேன். அவன் போயி கத்துவான்னு..." என்றவர் உட்கார்ந்துவிட்டார்.

ஆளாளுக்குக் குதித்தார்கள். ராஜகுருவை விலக்க வேண்டும் என்றார் ஒருவர். செயலியே வேண்டாம், பீரோவே போதும் என்றார் இன்னொருவர். எல்லாரும் ஓயும் வரைக்கும் தாமரைச்செல்வி காத்திருந்தாள்.

"தப்பு எங்கிட்டதான் சார் ஆரம்பிச்சுச்சு. வேலை என்னன்னு கேக்காம மரியாதைக்காகத் திறந்து விட்டேன். ராஜகுரு சாரை விலக்கிட்டா, நாளைக்கு இன்னொருத்தரோட அக்கா அழுவாங்க. அக்கா அழுதா யாராலதான் இல்லைன்னு சொல்ல முடியும்? முடியாதுன்னு சொல்ல வேண்டிய வேலையை உங்களுக்கு வைக்கவே கூடாது. அதைச் சர்வர் சொல்லட்டும்."

அடுத்த பத்து நாளும் அவள் செய்ததை, பேங்க் லாக்கரைப் பார்த்தவர்கள் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். விலாசங்களைத் தனியாகப் பிரித்து, சாவி இல்லாமல் படிக்க முடியாத பூட்டிய எழுத்தாக மாற்றி வைத்தாள். திறக்க இரண்டு சாவி. ஒன்று அறக்கட்டளை சார்பில் சூடாமணியிடம், மற்றொன்று அந்தப் பெண்ணின் சொந்தப் போனில். பெண் 'சரி' என்று அமுக்கினாலொழிய எந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் விலாசம் போகாது, சூடாமணி நினைத்தாலும் போகாது. தலைவருக்கு எத்தனை வரன் பதிவாகியிருக்கிறது, எத்தனை கூடிவந்திருக்கிறது என்ற எண்ணிக்கை மட்டும் தெரியும். அவர் வேலைக்கு அது போதும்.

கடைசியாகத் தன் உரிமையையும் எடுத்துவிட்டாள். சர்வரைப் பராமரிக்கலாம், பழுது பார்க்கலாம், விலாசத்தைப் படிக்க முடியாது. தன் கையை மீறி யாராவது பூட்டை மாற்ற முயன்றாலும், அது அவளே ஆனாலும், குழுவில் எல்லார் போனுக்கும் அந்த நிமிடமே செய்தி போகும்படி வைத்தாள். குழுவின் முன்னால் உட்கார்ந்து, தானே மீனலோசனியின் பெயரைத் தட்டி விலாசத்தைக் கேட்டுக் காட்டினாள். திரையில் 'அனுமதி இல்லை' என்று வந்தது.

"கட்டுனவளுக்கே இல்லையா?" என்று சீதாராமன் வாய்விட்டுச் சிரித்தார். அன்றே புதுப் பாஸ்வேர்டு வைத்தார். அது என்னவென்று அவர் மனைவிக்கே தெரியாது என்பதில் அவருக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம்.

இனி மீனலோசனியிடம் சொல்ல வேண்டும். பயந்துவிடுவாள், சொல்ல வேண்டாம் என்றாள் சூடாமணி. மறைத்தால் அது இன்னொரு திறந்த கதவு என்று சொல்லிவிட்டாள் தாமரைச்செல்வி. சூடாமணியின் போனிலிருந்தே பேசி, அவன் வந்து கத்தியது வரை எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

"அவரு வந்து நின்ன வாசல் உங்களோடதா?" என்று கேட்டது அந்தப் பக்கத்துக் குரல்.

"ஆமாங்க."

"எங்களுக்குப் பதிலா உங்க விலாசத்தையா வச்சிருந்தீங்க?"

"ஆமாங்க."

"சரிங்க. என் பேரைச் சேருங்க."

செயலி ஊருக்குத் திறந்தது. ராஜகுரு ஒருநாள் வில்லாபுரம் வரைக்கும் பஸ்ஸில் வந்து மாடியேறி, அவளிடம் பேசிவிட்டுப் போனார். "அக்கா இப்பவும் கேக்குறாம்மா. எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன். நெசமாவே தெரியாது. அம்புட்டு நிம்மதியா இருக்கு." அழகுபாண்டியின் டீ அவள் ஞாபகத்துக்கு வந்தது. இவருக்கு அவளே டீ வாங்கிக் கொடுத்தாள்.

அதன் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சூடாமணி சொல்லவில்லை, தாமரைச்செல்வியும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என்ன வேலைக்கு?

இந்த வருடம் ஆவணி மாதம், கொட்டாம்பட்டி பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு சர்வர் அமைக்கிற வேலையில் மூழ்கியிருந்தாள். படியேறி ஒரு பெண் வந்து நின்றாள். மெலிந்த உடம்பு, பச்சைச் சேலை, கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள் தடவிய பத்திரிகை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு பக்கக் காதால் கேட்கிறவளாக நின்றாள்.

"வாங்க. என்ன வேலையா வந்தீங்க?" என்றாள் தாமரைச்செல்வி, திரையிலிருந்து பாதிக் கண்ணை எடுத்து.

"என்னை உங்களுக்குத் தெரியாது" என்று அந்தப் பெண் சிரித்தாள். "தெரியாமப் பாத்துக்கிட்டதே நீங்கதான். எனக்கு இந்த விலாசம் மனப்பாடம். ரெண்டு நாள் நான் இங்கதான் குடியிருந்தேன்."

தாமரைச்செல்வி எழுந்துவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மீனலோசனி பத்திரிகையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கல்யாணத்துக்கு அவசியம் வரணும். எங்க வீட்டு விலாசம் இதுல இருக்கு. நீங்க பாக்கலாம்."